திட்டக்குடிக்குப் போன வீராணம் ஏரி

எழுதியவர் முழுதாகப் படிக்காததை, மதிப்பிட்டவர் பாதிகூடப் படிக்காததை, வாசகர் எப்படியும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அச்சடித்து அனுப்புவதுதான் ஆய்விதழ் நடத்தும் தொழில்.

இதே பிழைப்பில் இருக்கும் சகபாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ப்ரூஃப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்கள், "பதவி உயர்வு இண்டர்வியூ வருது மேடம், கட்டுரை எப்ப வரும்?" என்ற போனுக்குப் பயந்து செல்லை சைலண்டில் போட்டுவிட்டு மாவு கரைக்கிறவர்கள் எல்லோரும் இதைப் படித்து, நமக்கு மட்டுமில்லை என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம். எனக்கு அந்த ஆறுதலைச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

நான் கடலூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருந்தால் சீரியல் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று மஞ்சக்குப்பத்தில் ஒரு சமூகவியல் ஆய்விதழில் பொறுப்பாசிரியராகச் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் தமிழ் இதழ். ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். பெரிய சார் என்போம். பக்கம் கட்டுவது, இணையதளத்தில் ஏற்றுவது, டீ வாங்கி வருவது எல்லாம் செல்வம். சேர்ந்த அன்றைக்குப் பெரிய சார் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ரொம்ப அமைதியான வேலை, மேரி. இங்க ஒண்ணுமே நடக்காது."

லால்பேட்டையிலிருந்து ஒரு போன்

ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. வழக்கமான இண்டர்வியூ கேஸ் என்று நினைத்து, "அடுத்த இதழ்ல பாக்கலாங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். "இல்ல மேடம், நான் கட்டுரை போடச் சொல்லல. ஏற்கெனவே போட்டத எடுக்கச் சொல்றேன்" என்றது ஒரு பெண் குரல். இந்த வேலையில் அப்படி ஒரு கோரிக்கையை நான் கேட்டதே இல்லை.

பேசியவர் ஷமீமா. லால்பேட்டையில் பள்ளி ஆசிரியை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வு மையத்தில் பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. ஆய்வேட்டை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் அதை சாஃப்ட்வேரில் போட்டு எங்கிருந்தாவது காப்பி அடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா, அதில் போட்டிருக்கிறார்கள். ஒரு அத்தியாயம் முழுக்க எங்கள் இதழில் வந்த பேராசிரியர் குணசேகரன் என்பவரின் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அது சிவப்பு சிவப்பாகக் காட்டியிருக்கிறது. எங்கள் இதழின் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாராம். இணையத்தில் தேடிப் படித்திருக்கிறார். படித்தால், அது அவர் எம்.ஃபில். படித்த காலத்தில் ஒரு கருத்தரங்கில் வாசித்த அவருடைய சொந்தக் கட்டுரை. கருத்தரங்க மலரில் அச்சில் வந்தது, இணையத்தில் ஏறவில்லை. இணையத்தில் இல்லாதது அந்த மிஷினைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ஆக, எடுத்தவர் முதலாளி, எழுதியவர் திருடி.

இதற்கு என்னதான் வழி என்று கேட்டேன். மையத்தில் இருப்பவர்கள் நல்ல மாதிரிதான், ஆனால் அவர்கள் கையிலும் ஒன்றுமில்லை என்றார். இவருடைய கட்டுரைதான் முந்தியது, அதனோடு ஒத்துப்போவதால் குணசேகரன் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எங்கள் இதழே அறிவிப்புப் போட்டால் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அதுவும் மாட்டேன் என்றால் பதிவு ரத்து. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவதுபோல் நிதானமாகச் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். "என் வூட்டுல நானே திருடிட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க மேடம்."

ஏரி நகர்ந்தது

நான் சேர்வதற்கு முந்திய வருடத்து இதழ் அது. செல்வம் அலமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். தலைப்பு, திட்டக்குடி வட்டாரத்தில் வெளிநாடு சென்றோரின் குடும்பங்கள். சரி, திட்டக்குடி, லால்பேட்டை இல்லையே, ஒருவேளை ஷமீமாதான் அவசரப்பட்டுவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டே படித்தேன். இரண்டாவது பத்திக்கு வந்தேன். "வீராணம் ஏரியின் கரையில் அமைந்துள்ள திட்டக்குடி" என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: திட்டக்குடி மாவட்டத்தின் மேற்குக் கடைசி, வீராணம் இந்தப் பக்கம் காட்டுமன்னார்கோயிலில். அடுத்த வரி அதைவிடப் பிரமாதம். காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் திட்டக்குடி வந்துவிடுமாம். எனக்குப் புரிந்துவிட்டது. லால்பேட்டை என்று வரும் இடத்திலெல்லாம் திட்டக்குடி என்று மாற்று என்று கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு உத்தரவு கொடுத்துவிட்டு, அது மாற்றியதை ஒருமுறைகூடப் படிக்காமல் மனிதர் அனுப்பிவிட்டார். ஊர் பெயர்தான் மாறியது; ஏரியும் பஸ்ஸும் ரைஸ் மில்லும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நிரம்பும் கடைத்தெருவும் அப்படியே இருந்தன. அதை இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மதிப்பிட்டு, ப்ரூஃப் பார்த்து, அச்சடித்து, தபாலிலும் அனுப்பியிருக்கிறார்கள். அப்போது நான் இந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் கவனித்திருப்பேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. செல்வத்துக்குப் பெண் கொடுத்த ஊர் திட்டக்குடி. அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார். "எங்க மாமனார் ஊருக்கு வெலிங்டன் ஏரியே போதும் மேடம். வீராணத்த யாரு தள்ளிக்கினு வந்தது?"

நன்றி யாருக்கு

அந்த வாரமே ஷமீமா கருத்தரங்க மலரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு, சிதம்பரத்தில் பஸ் மாறிக் கடலூர் வந்து சேர்ந்தார். மலரையும் எங்கள் இதழையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் வைத்துப் படித்தோம். காற்புள்ளிகூட மாறவில்லை. ஷமீமா ஒரு இடத்தில் ஒரு சொல்லை இரண்டு தரம் எழுதியிருந்தார். குணசேகரனும் இரண்டு தரம் எழுதியிருந்தார்.

ஆனால் என்னை ஆட்டிவிட்டது கடைசிப் பத்தி. ஷமீமா மலரில் எழுதியிருந்தது: "வெயிலென்று பாராமல் என்னோடு வீடு வீடாக வந்து, பேசத் தயங்கிய பெண்களைப் பேசவைத்த என் மாமிக்கு நன்றி." குணசேகரனும் மாமிக்கு நன்றி சொல்லியிருந்தார். அதே வெயில், அதே வீடு வீடாக.

ஷமீமாவை உட்காரவைத்துவிட்டுக் குணசேகரனுக்கு போன் போட்டேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை. தேன் ஒழுகப் பேசுகிற மனிதர். "ஒரே ஜில்லா, ஒரே ஜனங்க, ஒரே பிரச்சனை. சிந்தனை கொஞ்சம் ஒத்துப்போவும் மேடம், அது சகஜம்" என்றார். வீராணம் எப்படி ஒத்துப்போனது என்று கேட்டேன். அது டைப்பிங் மிஸ்டேக்காம். சரி, உங்களை வெயிலில் வீடு வீடாகக் கூட்டிப்போன அந்த மாமி யார் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க, மாமி இல்லாத மனுசன் உண்டா?"

மதிப்பீட்டாளர்

கட்டுரையை வெளியிடலாம் என்று பரிந்துரைத்தவர் இந்த மாவட்டத்திலேயே பெயர் பெற்ற ஒரு பேராசிரியர். கோப்பில் அவருடைய மதிப்பீடு இருந்தது. "ஆழமான களப்பணி. மேற்கோள் குறிகளைச் சரிபார்க்கவும்" என்று இரண்டே வாக்கியம். அவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பதறிப்போனார். இந்தக் காலத்து ஆசிரியர்களின் நேர்மையைப் பற்றி நெடுநேரம் வருத்தப்பட்டார். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திட்டக்குடியில் வீராணம் இருந்ததை நீங்களும் எப்படி விட்டீர்கள் சார் என்று மெதுவாகக் கேட்டேன். கோபமே இல்லாமல், ரொம்பக் கண்ணியமாகப் பதில் வந்தது: "நான் படிச்சிருந்தா கட்டாயம் கண்டுபிடிச்சிருப்பேம்மா."

சத்தமில்லாமல் ஒரு பட்டன்

பெரிய சார் கெட்டவர் இல்லை. தன் பென்ஷனில் இந்த இதழை நடத்துகிறவர். மலரையும் இதழையும் வாங்கிப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "செல்வம், அந்தக் கட்டுரைய வெப்சைட்லேர்ந்து எடுத்துடு. முடிஞ்சுது." செல்வமும் பட்டன் இருக்கிறது சார், ஒரு தட்டுத்தான் என்றார். சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் குணசேகரனுக்கு நல்லது, எங்களுக்கும் நல்லது. ஆனால் மிஷின் ஒருமுறை படித்ததை மறக்காது. நாளைக்குப் போட்டாலும் ஷமீமாவின் அத்தியாயம் சிவப்பாகத்தான் வரும்; அப்போது காட்டுவதற்கு எங்கள் கட்டுரைகூட இருக்காது. ஷமீமா காலத்துக்கும் திருடிதான்.

"எடுத்தா மட்டும் போதாது சார். ஏன் எடுத்தோம், யாரோடதுன்னு பேர் போட்டு எழுதணும். அது இல்லாம அந்தப் பொண்ணுக்குப் பட்டம் கிடைக்காது" என்றேன். குணசேகரனுக்குப் பதவி உயர்வு இண்டர்வியூ நெருங்குகிறது, அவர் அழுதுகொண்டு போன் செய்தார், ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும் என்று பெரிய சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷமீமா முகத்தில் யார் விழிப்பது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "இதழ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பிழைதிருத்தம்கூட நாம போட்டதில்ல, மேரி. போட்டா பிழை இருந்துச்சின்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

ஆய்வு அறம்

என் தொல்லை தாங்காமல் பெரிய சார் இருவரையும் ஒரு சனிக்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். குணசேகரன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஷமீமாவிடமும் நீட்டினார். அந்த மலர் பழையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஆரம்பித்தார். பழைய தேதி போட்டு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமாம். கருத்தரங்கம் நடத்திய பேராசிரியர் இறந்துவிட்டார், அந்தத் துறையையும் மூடிவிட்டார்கள். அதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார். அறிவிப்புப் போட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்று அதையும் தேனாகவே சொன்னார்.

நான் விடவில்லை. கட்டுரையில் ஒரு பெண் சொன்னதாக வரும் பகுதியை உரக்கப் படித்தேன். "அவரு லீவுல வந்தா விருந்தாளி வந்த மாதிரிதான் இருக்கும். என்ன ஆக்கிப் போடறது, எங்க உக்கார வெக்கிறதுன்னே நாள் போவும். அவரு பிளேன் ஏறின அப்புறந்தான் அப்பாடா, வூடு வூடா ஆவும்." மலரில் இது லால்பேட்டை இல்லத்தரசி சொன்னது, எங்கள் இதழில் திட்டக்குடி இல்லத்தரசி சொன்னது. இதை உங்களிடம் சொன்ன பெண் யார், ஒரு போன் போடுங்கள், கேட்டுவிடலாம் என்றேன். குணசேகரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பதிலளித்தவரின் அடையாளத்தை வெளியிடுவது ஆய்வு அறத்துக்கே விரோதம், மேடம் தமிழ் டீச்சர் என்பதால் தெரிந்திருக்காது என்றார். ஆய்வு அறம் என்ற சொல்லையும் அந்த வாயிலிருந்து கேட்டாயிற்று. அவர் போன பிறகு பெரிய சார் முணுமுணுத்தார்: "யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா கோர்ட்டுல வீராணம் வந்து சாட்சி சொல்லாது. ஒரு ஆள் வேணும்."

ஷமீமா எழுந்து போனார். பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில் நிறுத்தி, அந்தப் பெண் யார், உயிரோடுதானே இருக்கிறார் என்று கேட்டேன். அவர் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. அது அவருடைய மாமிதான், அப்பாவின் கூடப்பிறந்தவர். நன்றி சொன்னாரே, அதே மாமி. மற்ற பெண்களைப் பேசவைப்பதற்காக முதலில் தன் மனதைத் திறந்திருக்கிறார், பெயர் வராது என்ற நம்பிக்கையில். மாமா அப்போது சவுதியில். இப்போது வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வந்துவிட்டார். நாள் முழுக்க வீட்டு ஹாலில்தான் இருக்கிறார். மாமி இப்படிச் சொன்னது அவருக்குத் தெரியாது. ஷமீமா கவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டம் இல்லாம நான் இருந்துடுவேன் மேடம். இது தெரிஞ்ச அப்புறம் மாமி எப்படி அந்த வூட்டுல இருப்பாங்க?"

ஹாலில் உட்கார்ந்து

நான் யாரையும் வற்புறுத்தவில்லை. நடந்ததை மறைக்காமல் மாமியிடம் சொல்லிவிடு, முடிவு அவருடையது என்று மட்டும் ஷமீமாவிடம் சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்திருபது நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து போன். "மேரி டீச்சரா? நான் ஷமீமா மாமி. வெள்ளிக்கிழம வேணாம், சனிக்கிழம வாங்க. பெரிய ஐயாவையும் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனோம். மாமாதான் வாசலில் வந்து வரவேற்றார். பள்ளிவாசலுக்குப் போவதுபோல் சுத்தமாகச் சட்டை போட்டுக்கொண்டு, ஷமீமா படிப்பு விஷயமாகப் பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பெருமையோடு சம்சாவை எங்கள் தட்டில் எடுத்து எடுத்து வைத்தார். பெரிய சாருக்குச் சங்கடம். அம்மாவிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும் என்று இழுத்தார். "நம்ம வூட்டுல என்ன தனியா, இருங்க, டீ வருது" என்று மாமா இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஷமீமா தரையையே பார்த்தார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

மாமி அடுப்படி வாசலில் நின்றபடியே சொன்னார். தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை, முன்னுரை இல்லை. "அவரு லீவுல வந்தா விருந்தாளி வந்த மாதிரிதான் இருக்கும்" என்று ஆரம்பித்து, "வூடு வூடா ஆவும்" வரைக்கும், மலரில் இருந்தபடி ஒரு சொல் பிசகாமல் சொன்னார். "இத நான்தான் சொன்னேன். இந்தப் புள்ளகிட்டதான் சொன்னேன், இதே ஹாலுல உக்காந்து. எவரோ ஒருத்தரு ஊர் பேர மாத்திப் போட்டுட்டு இந்தப் புள்ளயத் திருடிங்கறாரு. நான் சும்மா இருந்தா நாளைக்கு அல்லாகிட்ட என்னான்னு சொல்றது?" மாமாவின் கையில் சம்சா பாதியில் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் அதைத் தட்டில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, அஸர் தொழுகைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். நேரம் ஆகியிருக்கவில்லை. ஏதாவது பிரச்சனை வந்தால் எனக்கு போன் பண்ணுங்கள் என்று உளறினேன். மாமி தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். "நீங்க போட வேண்டியத போடுங்க டீச்சர். வூட்ட நான் பாத்துக்குறேன்."

பட்டியல்

திரும்பி வரும்போது சேத்தியாத்தோப்பில் பெரிய சார் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அப்புறம், "எழுதிக்க, மேரி" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷமீமாவின் முந்தைய வெளியீட்டோடு பெருமளவு ஒத்திருப்பதால் குணசேகரனின் கட்டுரையை இதழ் திரும்பப் பெறுகிறது, மூல ஆசிரியரிடம் வருத்தம் தெரிவிக்கிறது. இவ்வளவுதான் அறிவிப்பு. மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். செல்வம் இணையத்தில் இருந்த கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "திரும்பப் பெறப்பட்டது" என்று போட்டு, அறிவிப்பை மேலே ஏற்றினார்; அடுத்த இதழில் அச்சிடவும் எடுத்துவைத்தார். எங்கள் இதழில் அதற்கு முன் அந்தச் சொல் வந்ததே இல்லை.

ஏற்றிய அன்று மாலையே குணசேகரன் பேசினார். திட்டுவார், வக்கீல் பெயரைச் சொல்வார் என்று நானும் மனதுக்குள் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு எடுத்தேன். ஒன்றும் இல்லை. நலம் விசாரித்தார். அறிவிப்பைப் படித்தேன், நடை நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டக்கூடச் செய்தார். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். "அந்த அறிவிப்புல என் பேரு வந்திருக்குல்ல மேடம், அத என் வெளியீட்டுப் பட்டியல்ல சேத்துக்கலாமா?"

சிதம்பரத்தில்

ஆய்வு மையம் அறிவிப்பை ஏற்றுக்கொண்டது. அத்தியாயத்தில் ஒரு வரியையும் வெட்டச் சொல்லவில்லை, மன்னிப்புக் கடிதமும் கேட்கவில்லை. ஷமீமா போன் செய்து அழுதுகொண்டே சொன்னார். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வழக்கம்போலத்தான் இருக்காரு மேடம். அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அதான் பயமா இருக்கு" என்றார். எனக்கும் அந்தப் பயம் போகவில்லை. ஒரு பெண்ணுக்குப் பட்டம் வாங்கிக் கொடுக்கப் போய் இன்னொரு பெண்ணின் வீட்டில் கல்லைப் போட்டுவிட்டோமோ என்று ஜெபமாலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைப்பு வரும்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள், சிதம்பரம் போனேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த விருந்தாளி வரிகளையே படித்துக்காட்டி, இது ஒன்றுக்கே பட்டம் கொடுக்கலாம் என்றார். அரங்கமே கை தட்டியது. பின் வரிசையில் மாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா கை தட்டாமல் மடியில் எங்கள் இதழை வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்த பக்கத்தில் விரலை நுழைத்தபடி இருந்தார். எல்லோரும் டீ குடிக்க வெளியே வந்தபோது நைசாகத் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவர் இரண்டு கப்பை எடுத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்தார்.

சாரி சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கப்பைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் யாருக்கோ சம்சா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாமியைப் பார்த்தபடியே, மெதுவாக, யாரிடமோ கணக்கு ஒப்படைப்பதுபோல் சொன்னார்: "அவ சொன்னதுல தப்பு இல்ல டீச்சர். லீவுல வந்தா எனக்கும் விருந்தாளி வந்த மாதிரிதான் இருக்கும், துண்டு எங்க இருக்குன்னு கேட்டுத்தான் எடுப்பேன். திரும்பச் சவுதிக்குப் போயி ரூமு கதவத் தெறந்த அப்புறந்தான் அப்பாடா, வூட்டுக்கு வந்துட்டோம்னு இருக்கும். நான் யாருகிட்டயும் சொல்லல, அவ சொல்லிட்டா."

இதுவரை எங்கேயும் வெளியாகாத அந்த வரிகளையும் சாஃப்ட்வேரில் போட்டால் மாமி சொன்னதோடு பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறது என்று சிவப்பாகத்தான் காட்டும், ஆனால் அதை யாரும் திரும்பப் பெற வேண்டியதில்லை என்று இந்த ஒரு தடவை நான் படித்துப் பார்த்தே பரிந்துரைக்கிறேன்.